காரைக்குடி நண்பருக்கு: 12-ல் 5 பங்கு

12 நிறுவனப் பங்குகளில் 5-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் க்யூஏஓஏ (சிறந்த சேர்க்கையைத் தேடும் குவாண்டம் கணினி வழிமுறை) 7, 8 என்று அள்ளித் தருகிறது என்கிறீர்கள். தண்ட உறுப்பின் (எண்ணிக்கை 5 இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும் பகுதி) எடை போதவில்லை. ஒரு பங்கைக் கூட்டியோ குறைத்தோ கிடைக்கும் அதிகபட்ச ஆதாயத்தைவிட அது சற்றே பெரிதாக இருக்கட்டும். நூறு மடங்காக்கினால் லாப வித்தியாசமே மழுங்கிவிடும்.

இதைவிட நல்ல வழி, டிக்கி நிலையில் (5 பங்குள்ள எல்லாச் சேர்க்கைகளும் சம அளவில் கலந்த குவாண்டம் நிலை) தொடங்கி எக்ஸ்ஒய் மிக்சர் (ஒரு பங்கை இன்னொன்றுக்கு மாற்றும், எண்ணிக்கையை மாற்றாத படி) போடுவது. சிமுலேட்டரில் எண்ணிக்கை 5-ஐ விட்டு நகராது. நிஜக் கருவியில் இரைச்சலால் நகரும். எண்ணிக்கை 5 வராத ஷாட்களை (ஒவ்வொரு முறை ஓட்டி அளந்த முடிவுகளை) கழித்துவிடுங்கள்.

மொத்தச் சேர்க்கையே 792தான். எல்லாவற்றையும் சாதாரண நிரலில் கணக்கிட்டு, ஐந்தொகை பார்ப்பதுபோல வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இந்த அளவில் குவாண்டத்தால் வேகம் கிடைக்காது, பழகத்தான் உதவும். கிஸ்கிட் என்ற குவாண்டம் நிரல் தொகுப்பில், விடையாக வரும் 0, 1 வரிசையின் வலது ஓர பிட்தான் முதல் பங்கு. பெயர்களைத் திருப்பிப் பொருத்துங்கள்.