அருவியா, பலாப்பழமா?

கேள்வி: ஏலகிரிக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. மே மாத லீவில் ஜவ்வாது மலை போகலாம் என்கிறார் என் கணவர். ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் மூன்றையும் ஒரே நடையில் பார்க்க முடியுமா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். மூட்டுவலியோடு மாமியாரும் வருகிறார்.
- ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: முடியும் அம்மா, ஆனால் மே மாதம் வேண்டாம். அந்த மலையில் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: மே மாதம் போனால் பலாப்பழம் இருக்கும், அருவி இருக்காது. பாறையில் நாலு சொட்டு வழிவதைக் காட்டி இதுதான் பீமன் அருவி என்றால் பிள்ளைகள் உங்களைத்தான் முறைப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அருவி நன்றாக விழும். அப்போது வானம் மூடிக்கிடப்பதால் காவலூர் போய்ப் பிரயோஜனமில்லை. இரண்டுக்கும் தோதானது பொங்கல் லீவுதான். தண்ணீர் முழுக்க வற்றியிருக்காது, வானமும் தெளிந்துவிடும். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

போளூர் வழியாக ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, பிள்ளைகளை வயிறு முட்டச் சாப்பிட வைத்து வண்டியில் ஏற்றாதீர்கள். பெட்ரோலைப் போளூரிலேயே போட்டுவிடுங்கள்.

ஜமுனாமரத்தூரை ஊட்டி மாதிரி நினைத்துப் போகாதீர்கள். சின்ன ஊர், கடைத்தெருவைச் சுற்றிவர அதிக நேரம் ஆகாது. ஆனால் சுற்றுக் கிராமத்து மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை) சாமான் வாங்க இறங்கும் நேரத்தில் தெருவே நிறம் மாறிவிடும். புளி, தேன், கடுக்காய் எல்லாம் கிடைக்கும். வாங்க வேண்டியது சாமை. வெள்ளை வெளேரென்று இருந்தால் மெஷினில் நன்றாகத் தீட்டியது என்று அர்த்தம். கையில் அள்ளினால் லேசாகத் தவிட்டு நிறம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் கொஞ்சம் மாவு ஒட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடச் சொல்வார்கள், பேரம் பேசாதீர்கள். மலைச் சரிவில் அதை விளைவிக்கிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அருவிப் பாறை வழுக்கும். மாமியாரைக் கீழே இறக்க வேண்டாம். ஊருக்குப் பக்கத்திலேயே கோமுட்டேரியில் படகு இருக்கிறது, அங்கே சௌகரியமாக உட்காரட்டும்.

காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை விடுவது சனிக்கிழமைகளில்தான், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம், 1986-இல் திறந்தார்கள். 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அப்புறம் கேள்விகளுக்குப் பஞ்சமிருக்காது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். என் காலத்தில் எல்லாமே வட ஆற்காடுதான்!

ஆக, சனிக்கிழமை காலையில் கிளம்பி மலையிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். விடுமுறை என்பதால் அறையை முன்பே சொல்லி வைப்பது நல்லது. மறுநாள் வந்த வழியே திரும்பாமல் ஆலங்காயம், வாணியம்பாடி என்று இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கு கேட்டு வாங்குங்கள். மாமியார் சைவம் என்றால் மட்டும் வாணியம்பாடியிலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வம்பு வேண்டாம்.