எப்படிச் செத்தார் என்று எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பில் களுதாவளையைச் சேர்ந்தவள். அவுஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரத்து வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். சிட்னியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சுற்றிவரச் செம்மண், பற்றைக்காடு. வெள்ளியும் ஈயமும் நாகமும் தோண்டி எடுத்த ஊர்.

வேலை முடிந்த பின்னேரங்களில் இந்த ஊர்ச் சவக்காலையில் நடப்பது பழக்கமாகிவிட்டது. சுரங்கத்தில் விபத்தில் மாண்டவர் என்று எழுதிய கற்கள். இருபதும் முப்பதும் வயதான ஆண்கள். 1880களின் கடைசியில் நெருப்புக்காய்ச்சலில் (டைபாய்ட்) போன குழந்தைகள். ஊருக்கு நடுவே சுரங்கக் கழிவு மேட்டின் மேல் 2001இல் ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். 800க்கு மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் அவர் எப்படி இறந்தார் என்றும் எழுதியிருக்கிறது. பாறை சரிந்து, குழிக்குள் விழுந்து, வெடி முந்தி வெடித்து. வாசித்து முடிக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

எங்கட ஆக்களுக்கு ஏன் இந்த வரலாற்று உணர்வு இல்லை? வெள்ளைக்காரர் கல்லில் எழுதிவைத்தார்கள். நாங்கள் ஒப்பாரி வைத்து அழுதுபோட்டு மறந்துபோனோம். என் பெரியம்மா இன்றைக்கும் ஊரிலேயே பெரிய ஒப்பாரிக்காரி. அவவுக்குப் பிறகு அதுவும் இல்லை.

இந்த ஊரைப் பற்றி எழுத விருப்பம். கதையாக எழுதுவதா, கட்டுரையாக எழுதுவதா? வேற்று நாட்டுச் செத்தவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா? வாசிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் ஒன்றும் தந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புத்தகப் பட்டியல் தரமாட்டேன். சவக்காலை நடக்கிற தூரத்தில் இருக்கிறது, சுரங்கம் கண்முன்னே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மட்டக்களப்பில் இருக்கிற என்னிடம் பட்டியல் கேட்பது எழுதுவதைத் தள்ளிப்போடுகிற வழி. உரிமை இருக்கிறதா என்பதற்கும் அதிகம் சொல்ல மாட்டேன். அந்த ஊர் மனிதர் சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் நீங்கள். அதற்கு மேல் என்ன உரிமை வேண்டும்?

கதையா கட்டுரையா என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒப்பாரி வைத்து அழுதுபோட்டு மறந்துபோனோம் என்ற வரிக்காக உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும்.

சென்ற மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு 31ஆம் நாள் வீட்டுக்குப் போய்வந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நினைவு மலர் கொடுத்தார்கள். நல்ல தாள், வண்ண அட்டை. பிள்ளையார் படம், தேவாரம், திருவாசகம், திதி வெண்பா. இறந்தவரின் குடி என்ன, எந்தக் கோயிலில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக இருந்தார், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது, எல்லாம் இருந்தது. அவர் எதனால் செத்தார் என்று மட்டும் இல்லை. ஐம்பது வயதும் ஆகாத மனிதன். அடுப்படியில் நின்ற பெண்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எலிக்காய்ச்சல். வட்டைக்குள், வயல்வெளியில், சேற்றில் நின்று வேலை செய்த காலில் வெட்டுக்காயம். காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோலோடு நாலைந்து நாளைக் கடத்தியிருக்கிறார்கள். அந்த மலரை வாங்கிக்கொண்டு போன நூற்றுக்கணக்கானவர்களில் முக்கால்வாசிப்பேர் அடுத்த நாள் காலையில் அதே சேற்றில் இறங்குகிறவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரேயொரு செய்தி அந்த 24 பக்கத்தில் இல்லை. அந்த மலர் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. உங்கள் கடிதமும் அந்த நேரத்தில்தான் வந்தது.

புரோக்கன் ஹில் நினைவிடத்தில் காரணம் எழுதியிருப்பதைப் பார்த்து வெள்ளைக்காரரின் வரலாற்று உணர்வு என்கிறீர்கள். நீங்கள் குடியிருக்கிற ஊரின் கதையை நீங்களே சரியாகக் கேட்கவில்லை. 1883இல் சார்ள்ஸ் ராஸ்ப் என்ற வேலியோரக் காவற்காரன் அந்த மலையில் உலோகக் கல்லைக் கண்டான். 1885இல் கம்பனி பிறந்தது. கம்பனிக்குத் தேவைப்பட்டது வெள்ளியின் கணக்கு. செத்தவனின் கணக்கைக் கேட்டது செத்தவனோடு குழிக்குள் இறங்கியவன்தான். 1919 மே மாதம் தொடங்கி 1920 நவம்பர் வரை, பதினெட்டு மாதம், அந்த ஊர்த் தொழிலாளர் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உலை ஏற வழியில்லாத பதினெட்டு மாதம். அந்தக் காலத்திலேதான் வைத்தியர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் நெஞ்சைப் பரிசோதித்து, கல்தூசி தின்ற நுரையீரல் எத்தனை, ஈயம் ஏறிய உடம்பு எத்தனை என்று எழுதினார்கள். அதுவரை அவன் இருமிச் செத்தான், பலவீனத்தில் செத்தான். எழுதிய பிறகு அவன் சுரங்கத்தால் செத்தான். நிலத்துக்குக் கீழே வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 35 மணித்தியாலம் என்பதும், நுரையீரல் போனவனுக்கு நட்டஈடு என்பதும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தவை. காரணத்தை எழுதியதற்குக் கிடைத்த விலை அது.

அதே சவக்காலையில் பேர்சி புரூக்ஃபீல்ட் என்பவரின் கல்லறை இருக்கிறது. கண்டிருக்கிறீர்களா? சுரங்கத் தொழிலாளியாக இருந்து பாராளுமன்றம் போனவர். அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர். 1921 மார்ச்சில் றிவர்ட்டன் புகையிரத நிலையத்தில் ஒருவன் துப்பாக்கியால் கண்டபடி சுட்டபோது, மற்றவர்கள் ஒளித்துக்கொள்ள, இவர் அவனிடமிருந்து துவக்கைப் பறிக்கப் போய்ச் செத்தார். அடுத்த பின்னேரம் அங்கே போய் நின்று பாருங்கள். அப்படியே வடக்கே ஒட்டகக்காரர் கட்டிய தகரப் பள்ளிவாசலுக்கும் போங்கள். அந்த ஒட்டகங்கள் சுமக்காமல் ஊருக்குச் சாமான் வந்திருக்காது. அந்த மண்ணின் சொந்தக்காரரான வில்யாகாலி மக்களுக்கு எத்தனை கல் இருக்கிறது என்றும் தேடுங்கள். வெள்ளைக்காரர் எழுதிவைத்தார்கள் என்று அதற்குப் பிறகு ஒரே மூச்சில் சொல்ல மாட்டீர்கள்.

எங்கள் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் போனார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர்கள்தான் அதில் பெரும்பாலானோர். காதல், கடன், குடி, விதி என்று ஊர் சொன்னது. வைத்தியசாலையில் இருந்த சிலர் வேறொன்றை எழுதினார்கள்: எந்த மருந்து, எந்தப் போத்தல், எது உயிரை விடவைக்கிறது, எது காப்பாற்ற இடம் தருகிறது. அந்தக் கணக்கை வைத்து 1995இலும் 1998இலும் மிகக் கொடிய மருந்துகள் தடை செய்யப்பட்டன. காதலும் கடனும் குடியும் அப்படியேதான் இருந்தன. ஆனால் பத்து வருடத்துக்குள் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் இன்று உயிரோடு நடமாடுகிற எத்தனையோ பேருக்கு, தாங்கள் ஏன் உயிரோடு இருக்கிறோம் என்பதே தெரியாது. ஒரு தாதியோ வைத்தியரோ காரணத்தை ஒழுங்காக எழுதினார் என்பதால் இருக்கிறார்கள். நீங்கள் தாதி. உங்களிடம் இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது!

இப்போது ஒப்பாரி.

என் மாமா, அம்மாவின் தம்பி, வெள்ளாமைக் காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்துச் செத்தார். நான் சின்னப் பிள்ளை. பெரியவர்கள் யாரும் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மம்மா வைத்த ஒப்பாரியில் தெரிந்ததுதான். கதிர் முற்றுகிற பருவம், நிலவில்லாத இரவு. பரணின் ஏணியில் இரண்டு படி இல்லை என்று மாமா முதலே சொல்லியிருந்தார், யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. யானை வெடி கேட்டார், கிடைக்கவில்லை. காவலுக்கு இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒரு ஆளைத்தான் விட்டார்கள். முந்தின போகத்துக் கூலி நெல்லில் பாதி இன்னும் வீடு வரவில்லை. இவ்வளவையும் அம்மம்மா மாரில் அடித்து அடித்து, எதுகை பிசகாமல் பாடினா. வயற்காரப் போடியார் பந்தலுக்குள் முன்வரிசையில் இருந்தார். அவர் காதில் விழுந்தது. ஊரே கேட்டது. யாரும் அம்மம்மாவின் வாயைப் பொத்தவில்லை. ஒப்பாரி வைக்கிறவளை மறிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். சாதாரண நாளில் அந்த வாசலில் தலை நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கிழவி, மகனின் சவத்துக்குப் பக்கத்தில் இருந்து முழு விசாரணையையும் நடத்தி முடித்தா.

31ஆம் நாளுக்குப் போடியாரின் செலவில் கல்வெட்டு அச்சடித்தார்கள். செத்தவர் மேல் பாட்டுக் கட்டி அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். பாட்டு எழுதியவர் படித்த மனிதர், இலக்கணம் தெரிந்தவர். காலன் கவர்ந்தான் என்று இருந்தது. கொடும் வினை என்று இருந்தது. யானை இல்லை. பரண் இல்லை. ஏணி இல்லை. நெல் இல்லவே இல்லை. போடியாரின் பெயர் மட்டும் புரவலர் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இன்று மிஞ்சியிருப்பது அந்தக் கல்வெட்டுத்தான். அம்மம்மாவின் பாட்டில் அம்மாவின் நினைவில் நின்ற சில அடிகளை மட்டும் நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே, தங்கச்சி, ஒப்பாரி வைத்து மறந்துபோனோம் என்று எழுதாதீர்கள். ஒப்பாரி வைத்தவர்கள் மறக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் விட்டார்கள். எழுத்து ஆண்களின் கையில் இருந்தது, காசுள்ளவனின் தயவில் இருந்தது, செத்தவீட்டில் யாருடைய மனமும் நோகக் கூடாது என்ற மரியாதையில் இருந்தது. புரோக்கன் ஹில்லில் தொழிலாளி பதினெட்டு மாதம் பட்டினி கிடந்து எழுதவைத்ததை, படுவான்கரையில் எங்கள் கிழவிகள் ஒவ்வொரு சாவிலும் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் இருக்கவில்லை. வரலாற்று உணர்வு இல்லாதவர்கள் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

எங்களுக்குக் கல் வைக்கவே தெரியாது என்பதும் பொய். நாவலடிக்கும் கல்லடிக் கரைக்கும் போய்ப் பாருங்கள். 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, வருடா வருடம் விளக்கேற்றுகிறோம். 1978 சூறாவளியையும் ஊர் மறக்கவில்லை. கடலும் காற்றும் கொன்றால் எழுதுவோம். கடலோடு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மனிதனின் கை பட்ட சாவென்றால் சிவபதம், இறைபதம் என்று மூடிவிடுகிறோம். கூலியும் கடனும் குடியும் தவறான வைத்தியமும் அந்த மூடிக்குக் கீழே கிடக்கின்றன. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பெட்டியில் வந்த பெண்ணின் கல்வெட்டைத் தேடி எடுத்து வாசியுங்கள். அவள் எந்த நாட்டில் செத்தாள் என்பதுகூட அதில் இருக்காது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றியும் நினைத்துக்கொள்கிறேன். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அதையும் வேண்டாமென்று சொன்ன தாய்மார் இருக்கிறார்கள். எங்கே, எப்படி, யாரால் என்று எழுதாத கடுதாசி எனக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த நாட்டில் காரணத்தின் பெறுமதி தெரிந்தவர்கள் அவர்கள்தான். இதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். தனியாக எழுத வேண்டியது அது.

கதையா கட்டுரையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இப்போது வேண்டாம். ஒரு கொப்பி வாங்குங்கள். அந்தச் சவக்காலையில் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், சாவின் காரணம் என்று கல்லில் உள்ளபடி எழுதுங்கள். காரணம் இல்லாத கல்லைக் காரணம் இல்லை என்றே எழுதுங்கள், அழகான ஊகம் எதையும் சேர்க்காதீர்கள். நெருப்புக்காய்ச்சலில் போன குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அந்த வருடங்களில் அந்த ஊருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து எழுதுங்கள். அந்தச் சாவுகளின் கதை தண்ணீரில் இருக்கிறது.

உங்கள் பெரியம்மா இன்னும் இருக்கிறா என்று கடிதத்தில் தெரிகிறது. அவவுக்குப் பிறகு அதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அடுத்த லீவுக்கு வரும்போது அவவின் ஒப்பாரிகளைப் பதிவு செய்யுங்கள். தொலைபேசி போதும். ஆனால் வீட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். செத்தவீடு அல்லாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று மறுத்துவிடுவா, அது சரியான மறுப்பு. வெற்றிலை வட்டாவோடு தென்னந்தோட்டத்துக்கோ வாடிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் பாட்டைக் கேட்காதீர்கள். யாருடைய சாவுக்கு அழுதது என்று கேளுங்கள். அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் செத்தார், அந்தப் பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பாட்டு தானாக வரும். வருவதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.