கண்ணை மூடினால் கடைக் கணக்கு

கேள்வி: தியானம் பழக ஆசை. கண்ணை மூடினால் கடைக் கணக்குதான் ஓடுகிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எனக்கும் முதலில் பால் கணக்கு, சீட்டுப் பணம் எல்லாம் ஓடியது. சம்மணம் வராவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள். முழங்கால் வலியால் நானும் அப்படித்தான். மூக்கு நுனியில் காற்று போய்வருவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. நடுவில் கடை ஞாபகம் வந்தால், சரி, வந்துவிட்டது. உங்களைத் திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், அது பிராணாயாமம், வேறு பாடம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் விபாசனா தியான மையத்தின் 10 நாள் முகாமில்கூட முதல் 3 நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். நீங்கள் கடை திறக்கப் போகும் முன் 5 நிமிடம் உட்காருங்கள்.