கேட்டோ மேனர் வாசலில் நின்ற கார்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஆயாவின் தகரப் பெட்டியில் இருந்த ஒரு கறுப்பு-வெள்ளைப் புகைப்படத்தின் இரு பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். பின்புறத்தில் ஆயாவின் கையெழுத்தில் ‘கேட்டோ மேனர், பொங்கல் 1951’ என்று இருக்கிறது. கேட்டோ மேனர் டர்பன் நகரின் ஒரு பகுதி. திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கதவில் தாத்தா சாய்ந்திருக்கிறார். ஆயா பக்கத்தில் நிற்கிறார். அப்போது ஏழு வயதுப் பிள்ளையாக இருந்த பெரியம்மா காரின் முன்னால் நிற்கிறார். மாமா இதை மோர்கன் என்கிறார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால், அமெரிக்காவுக்கென்று செய்த எம்.ஜி. டி.டி. என்கிறான் என் மகன். கார் சிவப்பு என்கிறார் பெரியம்மா. படத்திலோ கறுப்பாகத் தெரிகிறது. இது என்ன கார்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் படத்தில் இருப்பது எம்.ஜி. டி.சி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1945-இன் இறுதியிலிருந்து 1949 வரை சுமார் 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. ஆனால், உங்கள் மகன் எழுப்பிய தடை வலுவானது. டி.சி. வகையில் இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட கார் ஒன்றுகூடத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரவில்லை. அமெரிக்காவுக்குப் போனவையும் வலப்பக்க ஸ்டியரிங்குடனேயே போயின. ஆகவே காரைப் பற்றிப் பேசுமுன் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஆயாவைப் பாருங்கள். முந்தானை அவருடைய வலத் தோளின் மீது ஏறிப் பின்னால் போகிறது. தமிழ்ப் பெண்கள் அதை இடத் தோளின் மீதல்லவா போடுவார்கள்? குஜராத்திக் கட்டில் முந்தானை வலத் தோள் வழியாக வருவது உண்டு, டர்பனில் அப்படிக் கட்டுபவர்களும் நிறைய இருந்தார்கள் என்பதால், இதை மட்டும் வைத்து நான் முடிவு கட்டவில்லை. குஜராத்திக் கட்டில் முந்தானை பின்னாலிருந்து முன்னால் வந்து மார்பின் மீது விரியும். ஆயாவுடையதோ முன்னாலிருந்து பின்னால் போகிறது. அடுத்து, தாத்தாவின் சட்டைப் பை வல மார்பில் இருக்கிறது, கைக்கடிகாரம் வல மணிக்கட்டில் இருக்கிறது, சட்டையின் பொத்தான் பட்டியோ பெண்கள் சட்டையில் இருப்பதுபோல் வலப்புறம் மேலாக மூடியிருக்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் இடம் மாறியிருப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: உங்கள் கையில் இருப்பது இடம் வலமாகப் புரண்ட பிரிண்ட். நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளப்பாகவும், மருந்து பூசிய மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கம் தாளை நோக்கியபடி வைத்துத்தான் பிரிண்ட் போட வேண்டும். அவசரத்தில் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால், கண்ணாடியில் பார்ப்பதுபோன்ற படம் கிடைக்கும். எழுத்து ஏதாவது படத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். காரின் நம்பர் பிளேட்டைப் பெரியம்மாவின் பாவாடை முழுவதுமாக மறைத்துவிட்டதால், இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. படத்தை ஒரு கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: முந்தானை இடத் தோளுக்கு வரும், ஸ்டியரிங் நம் நாட்டுக்கு உரிய வலப்பக்கத்துக்கு வந்துவிடும்.

இனிக் கார். எம்.ஜி. நிறுவனத்தின் டி வரிசைக் கார்களை முகத்தை வைத்து அடையாளம் காண முயல்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் செங்குத்தான ரேடியேட்டர் கிரில், அதன் உச்சியில் எண்கோண முத்திரை, தனியே நிற்கும் இரண்டு பெரிய ஹெட்லைட்டுகள் என்ற அந்த முகம் 1936-இல் வந்த டி.ஏ. முதல் 1953 வரை வந்த டி.டி. வரை ஏறக்குறைய ஒன்றுதான். நான் எப்போதும் சக்கரத்திலிருந்துதான் தொடங்குவேன். டி.சி.யின் கம்பி வீல் 19 அங்குலம், டயர் நாலரை அங்குலம். ஆகவே டயரோடு சேர்த்து உயரம் சுமார் 28 அங்குலம். டி.டி.க்கு 15 அங்குலத் தகட்டு வீலும் பருத்த டயரும். மொத்தம் சுமார் 26 அங்குலம். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் நீளங்கள் குறுகித் தெரியும் என்றாலும், ஒரே சக்கரத்தில் மேலிருந்து கீழாக அளக்கும் இரண்டு உயரங்களின் விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. உங்கள் படத்தின் முன்சக்கரத்தை அளந்தேன்: டயர் 14 மில்லிமீட்டர், ரிம் ஒன்பதரை மில்லிமீட்டர். அதாவது டயர் உயரத்தில் ரிம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். டி.சி.க்கு வர வேண்டிய கணக்கு இதுதான். டி.டி.யாக இருந்தால் ரிம் எட்டு மில்லிமீட்டரைத் தாண்டியிருக்காது. டி.டி.க்கு முன்னும் பின்னும் பம்பர் உண்டு, உங்கள் காரில் அது இல்லை என்பதையும் உங்கள் மகனிடம் காட்டுங்கள். ஆனாலும் ஸ்டியரிங்கைக் கவனித்து, தொழிற்சாலையே இடப்பக்க ஸ்டியரிங்குடன் செய்த முதல் டி வரிசைக் கார் டி.டி. என்பதை அறிந்து அவர் பேசியிருக்கிறார்; அந்தக் கண் பாராட்டுக்குரியது.

மாமா சொல்லும் மோர்கனை முன் அச்சு விலக்கிவிடுகிறது. மோர்கனின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே செங்குத்துத் தூணில் ஏறி இறங்குபவை. உங்கள் படத்தில் மட்கார்டுகளுக்குக் கீழே குறுக்காக ஒரே இரும்பு அச்சும், அதைத் தாங்கும் பட்டை வில்லின் முனையும் தெரிகின்றன.

மிஞ்சுவது டி.சி.க்கும் அதன் மூத்த உடன்பிறப்புகளான டி.ஏ., டி.பி. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. மூன்றுக்கும் 19 அங்குலக் கம்பி வீல்தான், மூன்றிலும் கதவின் கீல் பின்பக்கம்தான். இங்கே லென்ஸ் வேண்டும். தாத்தாவின் காலணிக்கு மேலே, இரு மட்கார்டுகளையும் இணைக்கும் ஃபுட்போர்டின் மீது நீளவாக்கில் பளிச்சென்ற கோடுகள் தெரிகின்றன. மூன்று பட்டைகள் இருந்தால் போருக்கு முந்திய வண்டி. இரண்டு இருந்தால் டி.சி. உங்கள் படத்தில் இருப்பவை இரண்டு. டி.பி. 1939-இல் வந்து, போர் மூண்டதால் 379 வண்டிகளோடு நின்றுபோனது. அதன் 1,250 சி.சி. இன்ஜினையே வைத்து, உட்காரும் இடத்தை நான்கு அங்குலம் அகலப்படுத்தி, 1945-இல் டி.சி.யாக வெளியிட்டார்கள்.

பெரியம்மாவின் நினைவை யாரும் திருத்த வேண்டாம். அக்காலத்துப் பெட்டிக் கேமராக்களில் பெரும்பாலோர் போட்ட பிலிம் சிவப்பு ஒளியை உணராதது. கோடக்கின் வெரிகுரோம் பிலிம்கூட 1956-இல்தான் எல்லா நிறங்களையும் உணரும் வகையாக மாறியது. அத்தகைய பிலிமில் சிவப்பு வண்ணம் கறுப்பாகவே விழும். காரின் பக்கத்தில் நின்ற ஏழு வயதுக் குழந்தையின் கண்ணை நான் அந்தப் பிலிமைவிட அதிகம் நம்புகிறேன்.

கார் தாத்தாவுடையதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். நண்பரின் காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வது அன்றும் வழக்கம்தான். குடும்பத்தில் பழைய இன்ஷூரன்ஸ் தாளோ ஒர்க்ஷாப் ரசீதோ இருந்தால், அதில் ‘டி.சி.’ என்ற எழுத்துகளைத் தொடர்ந்து நான்கு அல்லது ஐந்து இலக்க எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவே சேசிஸ் எண். அந்த வரிசை 0251-இல் தொடங்கியது, ஏனென்றால் அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. அதே நாளில் எடுத்த வேறு படம் உறவினர் ஆல்பத்தில் கிடைத்து, நம்பர் பிளேட்டும் தெரிந்தால், என்.டி. என்பது டர்பன், என்.பி. என்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காருக்குப் பின்னால் மரமும் தகரமுமாக ஒரு வீடு நிற்கிறது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டபின் அத்தகைய வீடுகள் இடிக்கப்பட்டன. கார் ஆசையால் நீங்கள் இந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள். எனக்கோ அந்த வாசற்படி கண்ணைவிட்டு அகலவில்லை. வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். கொடுக்கும்போது, பிரிண்ட் புரண்டது என்பதைப் பென்சிலால் பின்னால் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பதையே நாளை வருபவர்கள் தவறாக எழுதிவைப்பார்கள்.

கேள்வி: என் தந்தை ஒரு தாழ்வான திறந்த காரின் அருகில் நிற்கும் படம் இருக்கிறது. அது நம் நாட்டிலேயே செய்யப்பட்டது என்பார். அப்படி ஸ்போர்ட்ஸ் கார் இங்கே செய்தார்களா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: செய்தார்கள். கேப் டவுனில் ஜி.எஸ்.எம். என்ற நிறுவனம் 1958 முதல் டார்ட் என்ற காரை ஃபைபர் கிளாஸ் உடலும் ஃபோர்டு இன்ஜினும் வைத்துச் செய்தது. பாப் வான் நீகெர்க் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஜொகானஸ்பர்க்கில் புரோட்டியா என்ற கார் வந்துவிட்டது. உங்கள் படத்தில் பின் மட்கார்டுகள் கூரிய துடுப்புகளாக எழும்பியிருந்தால் டார்ட் என்று எண்ணலாம். கடிதத்தில் காரை விவரித்திருக்கிறீர்கள், படத்தை அனுப்பவில்லை. பின்பக்கம் தெரியும்படி இருந்தால் அனுப்புங்கள். அனுப்புமுன் தந்தையின் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.