தம்பி நெதர்லாந்து சட்டத்த காட்டி கேக்குறான்னு எழுதுனவருக்கு

சகோ, எட்டு வருஷமா டிப்ரஷன்ல இருக்குற உங்க தம்பி "நெதர்லாந்துல டாக்டரே சாக உதவுறாங்க, எனக்கு ஏன் கூடாது"ன்னு கேட்டான்னு போட்டிருந்தீங்க, மனசே ஆறல. அங்க 2002லருந்து சட்டம் இருக்கு, நெஜந்தான், ஆனா வேற வழியே இல்லன்னு டாக்டர் உறுதியா நம்பணும், மனநோய்ல அத யாரு சொல்றது, கனடாவே மனநோய் மட்டும் இருக்குறவங்களுக்கு சாக உதவுறத 2027 மார்ச் வரைக்கும் தள்ளி வச்சிருச்சு. நம்ம நாட்டுல 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, தேறாத நோயாளிக்கு சிகிச்சைய நிறுத்துறதுக்கு மட்டுந்தான்.

எங்க அக்காவும் இப்டிதான் கேட்டுச்சு, தட்டுல போட்ட சோறு அப்டியே காய்ஞ்சு கெடக்கும், வேலூர் பாகாயத்துல இருக்குற மனநல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி மூணாவது தடவ மருந்து மாத்துனப்புறம் ஒருநாள் தானா எழுந்து வந்து டீ போட்டுச்சு. அவன்கிட்ட வாதாடாதீங்க, பேச விட்டு கேளுங்க, ராத்திரி தனியா விடாதீங்க, இப்பவே 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.