அந்தமானில் ஜோடியாக, அவசரமில்லாமல்: கேள்வி பதில்

நானும் என் கணவரும் இதுவரை ஏழு முறை அந்தமான் போய்வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஒரு முதுகுப்பை, கடலோரத்தில் ஒரு சின்னக் குடில், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். விமான டிக்கெட் விலை, எந்த பேக்கேஜ் மலிவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயங்கள்.

சேலத்திலிருந்து, புதுமணத் தம்பதி: அக்கா, ஜனவரியில் எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. போர்ட் பிளேர், ஹாவ்லாக், நீல், பாராடாங், டிக்லிபூர் ஐந்தையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்க முடியும். ஆனால் எட்டு நாளில் பாதி, படகுத்துறை வரிசையிலும் வண்டியிலும் போய்விடும். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மாறுவதென்றால் அறையைக் காலி செய்து, கப்பல் ஏறி, இறங்கி, அடுத்த அறை தேடிச் சேர்வதற்குள் அரை நாள் முடிந்திருக்கும். ஹாவ்லாக்கில் நான்கு இரவு, நீலில் இரண்டு இரவு, போர்ட் பிளேரில் கடைசி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். (அரசுப் பெயர்ப் பலகைகளில் ஹாவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். 2018-ல் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஊர் மக்கள் வாயில் பழைய பெயர்கள்தான் அதிகம் வருகின்றன.)

அந்தக் கடைசி இரவை யாரும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை விமானம் மதியம்தானே என்று நினைத்து, அன்று காலைக் கப்பலை நம்பி ஹாவ்லாக்கிலேயே தங்கினோம். காற்று எழும்பியது. இரண்டு நாள் ஒரு கப்பலும் ஓடவில்லை. விமானமும் போனது, டிக்கெட் பணமும் போனது.

ஹாவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். கப்பல் வந்து நிற்பது 1-ம் எண், கடைத்தெரு 3-ம் எண், குடில்கள் வரிசையாக இருப்பது 5-ம் எண் விஜயநகர், பெரிய கடற்கரை 7-ம் எண் ராதாநகர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளைக் குடியேற்றிய தீவு இது. அதனால் சின்னக் கடைகளில் கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். ரிசார்ட் சாப்பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

5-ம் எண்ணில் தங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் உள்வாங்கும்போது அங்கே தண்ணீர் வெகுதூரம் போய்விடும். கல்லும் பவளமும் வெளியே தெரியும், நீந்த முடியாது. நீந்துவதற்கு ராதாநகர். விஜயநகரில் விடியலைப் பாருங்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மரநிழலில் படுத்துக்கிடங்கள். கிழக்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் போகிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். ஜனவரியில் 5.15-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கு மேல் கிளம்பி ராதாநகர் போகிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள்.

நீல் இன்னும் சிறியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு சைக்கிளில் அரை மணிதான். விடியலுக்கு சீதாபூர், மாலைக்கு லக்ஷ்மண்பூர். நடுவில் இருக்கும் பகல் முழுக்க உங்களுடையது. அதில் எதையும் போட்டு நிரப்பாதீர்கள்.

மதுரை: சென்னையிலிருந்து கப்பலில் போவது எப்படி? காதல் பயணத்துக்கு நன்றாக இருக்குமா?

ஏறக்குறைய மூன்று நாள் கடலில். கிளம்பும் தேதி பஸ் மாதிரி நிலையாக இருக்காது, முன்கூட்டிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்குக் குறைவான லீவு என்றால் வேண்டாம். நேரம் இருந்தால், ஒரு வழி மட்டும் கப்பலில் போங்கள். கடல் வாந்திக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரோடு: ஐந்து நாளில் ஆறு தீவு திட்டம் அனுப்பியிருக்கிறேன், சரியா?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருநெல்வேலி: பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகலாமா? போகும் வழியில் ஜாரவா மக்களைப் பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொன்னார்.

அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள். ஜாரவா என்ற பழங்குடி மக்களுக்கான காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. படம் எடுப்பது சட்டப்படி குற்றம். மனிதர்களைக் காட்டி டிக்கெட் விற்பவரிடம் நாம் பணம் கொடுக்கலாமா?

குகை அழகானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், அப்புறம் நடந்து போக வேண்டும். ஒரே ஒருமுறை போனோம், முதல் பயணத்தில். சாலையோரம் ஒரு சிறுவன் நின்றிருந்தான். எங்கள் வண்டியில் இருந்த எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தார்கள், நானும்தான். அதற்குப் பிறகு அந்த வழியாக நாங்கள் போகவில்லை.

ஓசூர், மேலே உள்ள பதிலுக்கு: அரசே அனுமதிக்கும்போது நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்? நான் ஜன்னலை மூடிக்கொண்டு போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டதால் சொல்கிறேன். 2002-ல் உச்ச நீதிமன்றம் காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. ஜாரவா மக்கள் பகை விட்டு வெளியே வரத் தொடங்கியது 1990-களின் கடைசியில். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குச் சாதாரணமானதல்ல. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1858-ல் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, பெரிய அந்தமானியர் என்று சொல்லப்படும் மக்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் 19 பேர். ஜன்னலை ஒருவர் மூடிக்கொள்வது நல்லதுதான். ஆனால் வண்டி வரிசை நீளமாவதே உங்களையும் என்னையும் போன்றவர்களால்தான்.

ரங்கத்திலிருந்து: அம்மா, நாங்கள் மத்திய அந்தமானில் இருக்கும் தமிழர்கள். பெரிய ஆஸ்பத்திரி, காய்கறி லாரி, பிள்ளைகள் காலேஜ், எல்லாம் அந்த ரோட்டை நம்பித்தான். மூடு மூடு என்று சொல்லிவிட்டு நீங்கள் சென்னைக்குப் போய்விடுவீர்கள்.

ஐயா, நீங்கள் சொல்வது சரி. பிரசவ வலியோடு ஒரு பெண் அந்தச் சாலையில் போவதும், நான் குகை பார்க்கப் போவதும் ஒன்றல்ல. உங்கள் ஊருக்குக் கப்பல் வசதி போதுமான அளவு வந்தபிறகுதான் சாலையைப் பற்றிப் பேச வேண்டும். அதற்காகக் கேட்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. பயணிகள் ஒதுங்கிக்கொண்டால் போதும் என்பதுதான் என் வாதம். நமக்கு அது தேவையல்ல, ஆசை.

ஓசூர், மறுபடியும்: அப்படியானால் குகையை நம்பிப் படகு ஓட்டுகிறவர்கள் பிழைப்பு?

நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பணத்தை லாங் ஐலண்டில் செலவழியுங்கள் என்றுதான் சொல்ல முடியும். அங்கேயும் படகு ஓட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹாவ்லாக் வழியாக ரங்கத் போகும் அரசுக் கப்பல் அங்கே நிற்கும், காப்பகத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். காட்டு வழியாக நடந்தோ படகிலோ லாலாஜி பே கடற்கரைக்குப் போகலாம். தங்கும் இடங்கள் குறைவு, முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள்.

கோவை: சென்டினல் தீவைப் படகிலிருந்து தூரமாகவாவது பார்க்கலாமா?

கூடாது. வெளியார் போகத் தடை உள்ள பழங்குடித் தீவு அது, சுற்றியுள்ள கடலும் தடைப் பகுதி.

தஞ்சாவூர்: எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

செய்யலாம். பயிற்சியாளர் முழு நேரமும் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார், அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். முதலில் கரையோரத்தில் வாயால் மூச்சு விடுவதையும் காது அடைப்பை விடுவிப்பதையும் பழக்குவார்கள். காது வலித்தால் உடனே கையால் சைகை காட்டுங்கள், கணவர் முன்னால் போகிறாரே என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் எதையும் மறைக்கக் கூடாது. பவளத்தைத் தொடவே தொடாதீர்கள், உயிருள்ளது அது.

முக்கியமாக, டைவ் செய்த அன்றே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். போர்ட் பிளேரில் கடைசி இரவு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமக்கல்: சிப்பி, பவளத் துண்டு இரண்டு நினைவாக எடுத்து வரலாமா? கரையில் செத்துக் கிடப்பதுதானே?

செத்த பவளமும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். அந்த வெற்றுச் சிப்பிக்குள் அடுத்து ஒரு துறவி நண்டு குடிவரும்.

விழுப்புரம்: கல்யாணம் ஆகாத ஜோடிக்கு அறை தருவார்களா?

வயது வந்த இருவருக்குச் சட்டத்தில் தடையில்லை. இருவருடைய அடையாள அட்டையும் வேண்டும். இடத்துக்கு இடம் வழக்கம் மாறும், போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள்.

வேலூர்: ஜூனில் அறை மலிவாம், போகலாமா?

தென்மேற்குப் பருவமழை. கடல் கலங்கியிருக்கும், கப்பல் ரத்தாகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போங்கள்.

காரைக்குடி: நெட்வொர்க், பணம்?

சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020-ல் வந்தபிறகு எவ்வளவோ தேவலை, ஆனாலும் சின்னத் தீவுகளில் அறுந்து அறுந்துதான் வரும். ஏடிஎம் குறைவு, சில நாள் காலியாகவும் இருக்கும். போர்ட் பிளேரிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள்.

திருச்சி: கடற்கரையில் மணல் ஈ கடித்து உடம்பெல்லாம் வீங்கியதாக ஒரு தோழி சொன்னாள்.

விடியலிலும் மாலையிலும் அதிகம். வெறும் மணலில் படுக்காமல் துணி விரித்துப் படுங்கள், காலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கடித்தால் சொறியாதீர்கள், புண்ணாகி வாரக்கணக்கில் ஆறாது.

தூத்துக்குடி: ஏழு நாளில் எட்டு இடம்...

தம்பி, இது ஐந்தாவது தடவை. இரண்டு தீவு, அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

கடலூர்: முதலை உண்டா?

உண்டு, உப்புநீர் முதலை. 2010-ல் ஹாவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் இறங்காதீர்கள். இருட்டிய பிறகு எங்கும் நீந்த வேண்டாம். இரவில் கடற்கரையில் கூடாரம் போட வேண்டாம்.

புதுச்சேரி: இரவில் கடல் நீலமாக ஒளிரும் என்கிறார்களே, எங்கே பார்க்கலாம்?

ஹாவ்லாக்கில், அமாவாசையை ஒட்டிய நாட்களில். நுண்ணுயிர்கள், தண்ணீர் அசைந்தால் ஒளிரும். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் வழிகாட்டியோடு இரவில் கூட்டிப்போவார்கள். தனியாகப் போகாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். நாங்கள் போன இரவில் துடுப்பை எடுத்தபோது அதிலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளியும் தண்ணீரில் விழுந்து மின்னியது. கரை வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. நிலாக் காலத்தில் இது தெரியாது, அதனால் லீவு கேட்பதற்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள்.