அறை நிறையத் துணி, கையில் காசில்லை

கேள்வி: இரண்டு வருடமாகப் பழைய உடைகளையும், தையல் ஆலைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளையும் கிலோ கணக்கில் வாங்கி, ஜாக்கெட்டும் தோள்பையும் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். மாதம் 12 ஜாக்கெட், 20 பை போகிறது. துணி மலிவு என்பதால் லாபம் நன்றாகவே நிற்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வீட்டில் ஏற்கெனவே 200 கிலோ துணி இருக்கிறது. இப்போது இன்னொரு 300 கிலோ ஒரே லாட்டாக மலிவாக வருகிறது. அண்ணன் வட்டியில்லாமல் பணம் தருகிறேன் என்கிறார். லாட்டை எடுத்து, ஒரு தையல்காரரையும் வேலைக்கு வைத்தால் தொழில் நிமிருமா? 14 மாதமாக விற்காமல் தொங்கும் ஒரு நீல ஜாக்கெட்டை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: லாட்டை எடுக்காதீர்கள். தையல்காரரும் இப்போது வேண்டாம். ஏன் என்பது நீங்கள் அனுப்பிய நேரக் குறிப்பிலேயே இருக்கிறது. அதைக் கேட்காமலே அனுப்பிவைத்ததற்கு நன்றி. பலர் பில்லை மட்டும்தான் அனுப்புவார்கள்.

உங்கள் விலைகளை வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் ஜாக்கெட்டின் விற்பனை விலையை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதே விகிதத்துக்கு மாற்றிக்கொண்டேன். உங்கள் கணக்குப்படி ஒரு ஜாக்கெட்டுக்குத் துணி 8, நூல், ஜிப், பட்டன் 6, பேக்கிங் 4. ஆக 18 போக 82 லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 8. நீங்கள் வாங்கும் 10 கிலோவில் உண்மையில் பொருளாக மாறுவது 4 கிலோதான் என்று அதே கடிதத்தில் இன்னொரு இடத்தில் சொல்கிறீர்கள். கறை, நைந்த இடம், பயன்படாத அளவு என்று மீதி 6 கிலோ ஒதுங்கிவிடுகிறது. ஆனால் காசு கொடுத்தது 10 கிலோவுக்கு. அப்படியானால் ஜாக்கெட்டில் ஏறும் துணியின் விலை 8 இல்லை, 20. விற்பனைத் தளம் எடுக்கும் கமிஷன் 10 வேறு. அது உங்கள் கணக்கில் எங்குமே இல்லை.

அடுத்து, ஜாக்கெட்டுக்கு ஆகும் 8 மணி நேரம். தரம் பிரித்துத் துவைத்துக் காயப்போட 1, பழைய தையலைப் பிரிக்க ஒன்றரை, அயர்ன் செய்து நிறம் சேர்த்துப் பார்க்க 1, வெட்ட 1, மெஷினில் தைக்க இரண்டரை, படம் எடுத்து, வாடிக்கையாளருக்குப் பதில் போட்டு, பார்சல் கட்ட 1. பிரிக்க ஒன்றரை மணி நேரமா என்று எனக்கே சந்தேகம் வந்து, ஒரு பழைய ஜீன்ஸை எடுத்து உட்கார்ந்தேன். உள்காலில் போகும் அந்த இரட்டைத் தையல் ஒரு காலுக்கே நாற்பது நிமிடம் வாங்கிவிட்டது. விரலிலும் ஒரு குத்து. சரி, நீங்கள் குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

தேர்ந்த தையல்காரருக்கு நீங்கள் தரவிருந்த கூலி, நம் விகிதத்தில், மணிக்கு 12. அதையே உங்களுக்கும் போடுங்கள்: 8 மணி நேரத்துக்கு 96. பொருட்களுக்கு 30, கமிஷன் 10. மொத்தம் 136 செலவான ஜாக்கெட்டை 100-க்கு விற்கிறீர்கள். பையைப் பாருங்கள்: விலை 30, துணி 5, வாரும் நூலும் 3, பேக்கிங் 1, கமிஷன் 3, ஒரு மணி நேரக் கூலி 12. 24 போக 6 நிற்கிறது. பாராட்டெல்லாம் ஜாக்கெட்டுக்கு வருகிறது, வீட்டைக் கொஞ்சமாவது தாங்குவது பை.

கூலி போடாத வரை இது கண்ணுக்குத் தெரியாது. அவசரமில்லாமல், நீண்ட நாள் உழைக்கும்படி உடை செய்வதைக் குறிக்கும் ஸ்லோ ஃபேஷன் என்ற சொல்லை 2007-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கேட் ஃப்ளெட்சர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, தைப்பவரின் நலனும் அந்த எண்ணத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. உங்கள் தொழிலில் தைப்பவர் நீங்கள்தான்.

தையல்காரர் விஷயத்துக்கு வருவோம். 8 மணி நேரத்தில் மெஷின் ஓடுவது இரண்டரை மணி நேரம்தான். அவர் வந்தால் அது மட்டும்தான் உங்கள் கையை விட்டுப் போகும். மீதி நேரம் நீங்கள் நிறம் சேர்த்து முடிக்கும்வரை அவர் சும்மா உட்கார்ந்திருப்பார், கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஆள் வேண்டுமென்றால் பிரிக்கவும் அயர்ன் செய்யவும் வாரம் சில மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். தையல்காரரை விடக் குறைந்த கூலியில் முடியும், உங்கள் நேரமும் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஜாக்கெட்டின் வடிவத்தில் இருக்கிறது. முழு ஜாக்கெட்டையும் துண்டு துண்டாக ஏன் இணைக்க வேண்டும்? காலர், தோள்பட்டை, பாக்கெட் மட்டும் துண்டுகளாக இருக்கட்டும். உடலும் கையும் ஆலையில் மிஞ்சிய பெரிய துணியில் ஒரே அச்சில் வெட்டுங்கள். 1993-இல் சூரிக்கில் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாயில் பை தைக்கத் தொடங்கினார்கள். இன்றும் அவர்களுடைய ஒரு தார்ப்பாய்ப் பைபோல இன்னொன்று இருக்காது, ஆனால் ஒரு மாடலின் வடிவம் எல்லாப் பைக்கும் ஒன்றுதான். தார்ப்பாய்தான் மாறுகிறது. இப்படி உங்கள் ஜாக்கெட் 4 மணி நேரத்தில் முடிந்தால் கூலி 48; பொருளும் கமிஷனும் சேர்த்து 88. அதே 100-க்கு விற்றாலும் 12 நிற்கும்.

முழு ஒட்டுவேலை ஜாக்கெட்டை விட மனம் வரவில்லையா? ஆர்டர் வந்தால் மட்டும் தையுங்கள். விலை 160, பாதி முன்பணம். கமிஷன் 16 ஆகும், மொத்தச் செலவு 142. மாதம் 12 போகாது, இரண்டோ மூன்றோதான் போகும். போகட்டும்.

திரும்பி வரும் ஜாக்கெட்டுகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: முதல் சலவையிலேயே இணைப்புகளில் சுருக்கம் விழுகிறது. பருத்தி சுருங்குகிறது, பக்கத்தில் இருக்கும் பாலியெஸ்டர் சுருங்குவதில்லை, அதுதான் காரணம். வெட்டும் முன் பழைய உடைகளை மட்டுமல்ல, ஆலைத் துண்டுகள் உட்பட எல்லாத் துணியையும் துவையுங்கள். எந்த இழை என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, எச்சரிக்கையாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிவதுபோல மணத்துச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். அப்புறம், பெரிய பிராண்டுகளின் லோகோ உள்ள துண்டை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். அவர்கள் அடையாளத்தைப் பயன்படுத்தியதாக வழக்கு வந்தால் உங்கள் இரண்டு வருட வருமானம் அதிலேயே போய்விடும்.

இனி அண்ணன் பணம். உங்களிடம் இருக்கும் 200 கிலோவில் பயன்படுவது 80 கிலோ. ஜாக்கெட்டுக்கு 800 கிராம், பைக்கு 200 கிராம் என்றால் மாதம் 14 கிலோவுக்குள்தான் செலவாகிறது. ஏறக்குறைய ஆறு மாதத் துணி வீட்டிலேயே இருக்கிறது! மாதக் கடைசியில் நீங்கள் தேடும் காசு அந்த அறையில்தான் அடுக்கியிருக்கிறது. அதன்மேல் இன்னொரு 300 கிலோவை, திருப்பித் தரவேண்டிய பணத்தில் வாங்கி வைக்க வேண்டாம். வட்டியில்லாக் கடனுக்கும் தவணை உண்டு. தவணை தவறினால் அது வீட்டு விசேஷத்தில் பேச்சாக வரும். ஆறு மாதத்துக்குத் துணி வாங்குவதை நிறுத்துங்கள். புதிய ஜாக்கெட் நன்றாகப் போனால், ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் வாங்க அவரிடம் கேளுங்கள். நேரத்தைக் குறைக்கும் பொருளுக்காகக் கடன் வாங்கலாம்.

நீல ஜாக்கெட்டை இருப்பில் 100 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். கணக்கியலில் பொதுவான விதி இதுதான். அதற்கு 60 தருகிறேன் என்று ஒருவர் கேட்டதாகச் சொன்னீர்களே, அவருக்கு இன்றே பதில் போடுங்கள்.